திடீரென்று முளைக்கிறவர்கள்

"எங்கேருந்தும் வரல. அதத்தான் நானும் சொல்லிட்டிருக்கேன். ரோடு துடைச்சு வெச்ச மாதிரி காலியா இருந்துச்சு. அடுத்த நொடி பாத்தா அவ நிக்குறா, குழந்தை வண்டியத் தள்ளிக்கிட்டு."

"ஆகாசத்துலேருந்து குதிச்சாளாக்கும்?"

"குதிச்சிருந்தா பாத்திருப்பேனே. இது தரையிலேருந்து முளைச்ச கேஸ். இப்பல்லாம் எல்லாரும் அப்படித்தான். மழை பெஞ்ச மறுநாள் காளான் மாதிரி முளைக்கிறாங்க."

இப்படிச் சொன்னவன் நகரப் பேருந்து ஓட்டுபவன். ஐம்பதைத் தாண்டியும் தலையில் ஒரு நரைகூட எட்டிப் பார்க்காத ஆள். ஆகாசத்தை இழுத்தவள் அவன் மனைவி. இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, எடுத்த கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகாமல் கேட்டுக்கொண்டிருந்தவள் அவன் தங்கை. கண் ஆஸ்பத்திரி ஒன்றில் பரிசோதனை மெஷினைப் பார்த்துக்கொள்பவள்; நாற்பதைத் தொடப்போகிறவள்; இந்த வீட்டுக்குள் நுழைந்தால் மட்டும் இன்னமும் 'பொடிசு'. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அவளுக்கு எப்போதும் அண்ணன் வீட்டில்தான்.

"அப்புறம் எப்படிண்ணா நிறுத்துன?" என்று கேட்டாள்.

"காதாலதான்." அண்ணன் முகத்தில் ஒரு பெருமை வந்து உட்கார்ந்தது. "அந்தக் குழந்தை வண்டியோட சக்கரம் கீச்சுன்னுச்சு. எண்ணெயக் கண்டு எத்தன காலம் ஆச்சோ! சத்தம் காதுல விழுந்ததும் கால் தானா பிரேக்குக்குப் போயிருச்சு. கண்ணு நிதானமா அப்புறம்தான் வந்து சேந்துச்சு. நின்னுட்டு வந்த ஒரு பெரியவர் மட்டும் முன் பின் தெரியாத ஒரு அம்மா மடியில போய் உக்காந்துட்டார். அவ்வளவுதான் சேதாரம்."

"அந்த அம்மாகிட்ட கேட்டாத் தெரியும் சேதாரம்" என்றாள் அண்ணி.

அண்ணனின் காதைப் பற்றி யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டெப்போவில் அவனுக்கு 'ஸ்டெதஸ்கோப்' என்று பெயர். எந்த வண்டி முனகினாலும் மெக்கானிக்குகள் முதலில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் எஞ்சின் பக்கத்தில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடி நிற்பான். பிறகு ஒரு விரலை நீட்டிக் காட்டுவான். அங்கேதான் கோளாறு இருக்கும். இப்போதும் பேச்சை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தான். "கீழ் வீட்டு வாஷிங் மெஷின்ல பேரிங் போகப்போகுது. சொல்லிடு அவங்ககிட்ட" என்றான் மனைவியிடம். சொல்லிக்கொண்டே கையை நீட்டினான். தட்டுக்கு இந்தப் பக்கம், மேசை ஓரத்தில் இருந்த தண்ணீர் டம்ளர் கவிழ்ந்து உருண்டு தரைக்குப் போனது.

"இத யாரு இங்க வெச்சது?"

"நீங்கதான். இப்பத்தான் குடிச்சிட்டு வெச்சீங்க."

"பாத்தியா பொடிசு, டம்ளர்கூட முளைக்குது!"

மூன்று பேரும் சிரித்தார்கள். அண்ணி சிரித்துக்கொண்டே துணி எடுக்க எழுந்தாள். அவள் துணியைத் தேடவில்லை, அது அவள் நாற்காலி முதுகிலேயே தயாராகத் தொங்கியது. பொடிசின் கண்ணில் அது பட்டது.

சாப்பாடு முடிந்ததும், பேச்சை மாற்ற வேண்டும் என்று தோன்றியதாலோ என்னவோ, பொடிசு அண்ணிக்கு ஒரு வேடிக்கை காட்டினாள். ஒரு காகிதத்தில் இடது பக்கம் ஒரு பெருக்கல் குறி, வலது பக்கம் ஒரு கறுப்புப் புள்ளி. இடது கண்ணை மூடிக்கொண்டு பெருக்கல் குறியையே பார்க்க வேண்டும். காகிதத்தை மெல்ல மெல்ல முகத்தருகே கொண்டுவர வேண்டும். ஓரிடத்தில் அண்ணி "ஐயையோ!" என்றாள். "புள்ளி எங்க போச்சு?"

"எங்கயும் போகல அண்ணி. நரம்பு கண்ண விட்டு மூளைக்குக் கிளம்புற இடம் அது. அந்த இடத்துல பார்வையே கிடையாது. எனக்கும் கிடையாது, உங்களுக்கும் கிடையாது, யாருக்கும் கிடையாது."

"ஓட்டைன்னா கறுப்பாத் தெரியணும்ல? வெள்ளையா இருக்கே."

"சுத்தி வெள்ளையா இருக்கு. அதனால மூளை அங்கயும் வெள்ளைய ஒட்டுப் போட்டுடும். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காது."

"அடிபட்ட வண்டிக்குப் பட்டி பாத்து பெயின்ட் அடிக்கிற மாதிரி" என்றான் சோபாவில் சாய்ந்திருந்த அண்ணன். "வாங்குறவனுக்குத் தெரியவே தெரியாது." சொல்லிவிட்டு அப்படியே தூங்கிப்போனான்.

சமையலறையில் அண்ணி குழாயை முழுவேகத்தில் திறந்துவிட்டாள். அந்த வீட்டில் ரகசியம் பேச அது ஒன்றுதான் வழி.

"பொடிசு, உங்கண்ணன் கடைசிப் படிய விட்டுடறார்."

"எந்தப் படிய?"

"மாடிப்படியத்தான். ஏறுறப்ப ஒண்ணுமில்ல. இறங்குறப்ப கடைசிப் படி இல்லைன்னு நெனச்சு காலை வெச்சுடறார். ரெண்டு தடவ விழப் பாத்தார். ஒவ்வொரு படி ஓரத்துலயும் வெள்ளை டேப் ஒட்டி வெச்சிருக்கேன், எனக்குத்தான் கால் தடுக்குதுன்னு சொல்லி. முக்காலிய ஹால்ல போடறதே இல்ல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அண்ணி ஒரு தட்டைத் தேவைக்கு மேல் தேய்த்தாள். "சண்டையே போட்டேன், கண்ணக் காட்டுங்கன்னு. வருஷா வருஷம் காட்டிட்டுத்தானே இருக்கேன், பொடிசேதான் பாக்குறா, எல்லாம் சரியா இருக்குன்னு அவ மெஷினே சொல்லியாச்சு, நீ என்ன டாக்டரான்னார். அப்புறம் நானும் யோசிச்சேன். மெஷின் எதுக்குப் பொய் சொல்லப்போகுது? நான்தான் கிலி புடிச்சு அலையிறேன் போல."

"இந்த வருஷ டெஸ்ட் வரப்போகுது அண்ணி. பாத்துடலாம்" என்றாள் பொடிசு. குரலில் இருந்த நிதானம் மனசில் இல்லை.

*

கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு ஒரு விரல் நீளம்கூட இருக்காது. அதற்குள் லட்சக்கணக்கான இழைகள். ஒவ்வொன்றும் உலகத்தின் ஒரு துணுக்கைச் சுமந்துகொண்டு இருட்டுக்குள் போகிறது: ஒரு கதவின் மூலை, ஒரு செருப்பு, ஒரு முகத்தின் பாதிச் சிரிப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பொடிசு இதை நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்து போவாள். எதிரே வரும் கூட்டமெல்லாம் தனக்குள் நூல்நூலாக இறங்கிக்கொண்டிருப்பதுபோலத் தோன்றும். வலியில்லாமல், சத்தமில்லாமல் அந்த இழைகள் சாகிற நோய் ஒன்று உண்டு. இழை செத்தால் இருட்டு வருவதில்லை, ஒட்டுத்தான் வருகிறது. அதனால்தான் அவளுடைய மெஷின்.

உடைத்த முட்டை ஓட்டின் உட்புறம்போல ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணம். நோயாளி ஒரு கண்ணை மூடி, மோவாயைத் தாங்கியில் வைத்துக் கிண்ணத்துக்குள் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு மஞ்சள் விளக்கு. "அதையே பாருங்க. பக்கத்துல எங்கயாவது லேசா மின்னினா பட்டன அழுத்துங்க. தேடக் கூடாது" என்று பொடிசு சொல்வாள். தூங்கி வழிகிறவர்களுக்கு "நல்லா பண்றீங்க" என்பாள். எங்கெங்கே மின்னியும் அழுத்தவில்லையோ அங்கெல்லாம் மெஷின் திரையில் கறுப்பு பூசும்.

மறுநாள் காலை வந்தவர் ஒரு பாட்டு டீச்சர். பாதியிலேயே மோவாயை எடுத்துவிட்டார்.

"ஒரு சந்தேகம்மா. நான் வெளிச்சத்துக்கு அழுத்தணுமா, சத்தத்துக்கு அழுத்தணுமா?"

"எந்தச் சத்தம்?"

"எந்தச் சத்தமா? ஒவ்வொரு தடவ மின்னுறதுக்கு முன்னாடியும் உள்ளேருந்து 'டிக்'குனு கேக்குதே. அதுலயும் சில நேரம் டிக் வருது, வெளிச்சத்தக் காணோம். ஆளப் பாத்து ஏமாத்துதா உங்க மெஷின்?"

பொடிசு சிரித்துச் சமாளித்து, வெளிச்சத்துக்கு மட்டும் என்று சொல்லி, மறுபடி தொடங்கினாள். இருட்டில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டாள்.

டிக்.

இருந்தது. வெளிச்சம் வரும் துளையின் சின்ன மூடி திறக்கும் சத்தம். நகத்தால் நகத்தைத் தட்டினால் வருமே, அவ்வளவுதான். புதிதாக வந்தபோது அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். வருஷங்கள் போனதில் காது அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் மௌனத்தை ஒட்டுப் போட்டிருந்தது. நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேருக்கு இது கேட்கவே கேட்காது. கேட்டாலும் ஒரு பொருட்டாக இருக்காது. பாட்டு டீச்சருக்குக் கேட்டது. வேறு யாருக்குக் கேட்கும்?



மூன்று வருஷத்துக்கு முன் டாக்டரம்மா அண்ணனின் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தபோது, நரம்பு கிளம்பும் இடத்தில் இருக்கும் குழி கொஞ்சம் பெரிதாக இருக்கிறதே என்றார். கண்ணின் அழுத்தம் சரியாகத்தான் இருந்தது. சிலருக்குப் பிறவியிலேயே குழி பெரிதாக இருக்கும். இழைகள் சாவதாலும் பெரிதாகும். எது என்று பார்வைப் பரிசோதனை சொல்லிவிடும் என்றார். பரிசோதனை நன்றாகச் சொன்னது. ஆனால் ஓரத்தில் ஓர் எச்சரிக்கை இருந்தது. மெஷின் அவ்வப்போது மூடியை மட்டும் திறந்து, வெளிச்சம் காட்டாமல் ஒரு பொறி வைக்கும். அண்ணன் அந்தப் பொறிகளிலெல்லாம் விழுந்து அழுத்தியிருந்தான்.

"வராத வெளிச்சத்துக்கெல்லாம் அழுத்தியிருக்காரே, நம்பலாமா இத?" என்று டாக்டரம்மா கேட்டார்.

வேறு யாராவது இருந்திருந்தால் பொடிசு அதட்டி உட்காரவைத்து மறுபடி எடுத்திருப்பாள். அன்று சிரித்தாள். "எங்கண்ணன்தான் மேடம். அவசரக்குடுக்கை. காலிங் பெல் அடிக்கறதுக்கு முன்னாடியே கதவத் திறக்குற ஆளு." டாக்டரம்மாவும் சிரித்தார். அடுத்த வருஷமும் அதே சிரிப்பு. போன வருஷம் அதைக் கேட்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

காலிங் பெல்லுக்கு முன்னால் அவன் கதவைத் திறந்தது அவசரத்தால் இல்லை. படியேறி வரும் செருப்புச் சத்தத்தால்.

பாட்டு டீச்சரை அனுப்பிவிட்டு, வேறு யாரும் வரும் முன் பொடிசு தானே கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்தாள். மெஷினை ஓடவிட்டு இரண்டு கண்ணையும் இறுக மூடினாள். டிக் என்றால் அழுத்தினாள். டிக், அழுத்தல். டிக், அழுத்தல். கண்ணைத் திறந்தபோது திரை கறுப்பே இல்லாமல் பளீரென்று வெளுத்திருந்தது. ஓரத்தில் அதே எச்சரிக்கை. குருடியாக உட்கார்ந்தவளை மெஷின் அமோகம் என்றது.

*

அன்று சாயங்காலம் அவள் தன் வழக்கமான பேருந்தில் ஏறவில்லை. அண்ணனின் வண்டி வரும்வரை நிறுத்தத்தில் நின்று, ஏறி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலிருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அட, பொடிசு! என்ன இந்தப் பக்கம்? டிக்கெட் எடுத்தியா? தங்கச்சின்னு ஓசியில வந்துடாத, என் மானம் போயிடும்."

"உன் மானத்துக்கும் சேத்து எடுத்துட்டேன், ரோட்டப் பாரு."

அவன் ரோட்டைப் பார்த்தான். அதில் குறையொன்றும் சொல்ல முடியாது. தூரத்து சிக்னல், மேலே தொங்கும் பலகை, எதிரே வரும் லாரி எல்லாவற்றையும் அவளுக்கு முன்னால் பார்த்தான். ஸ்டியரிங்கில் கை சும்மா கிடப்பதுபோலக் கிடந்தது. இத்தனை வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது என்று அவன் சொல்வது வெறும் பேச்சில்லை. பொடிசு கொஞ்சம் மூச்சுவிட்டாள். ஒருவேளை அண்ணி சொன்னதுதானோ, சும்மா கிலியோ?

ஆனால் பேருந்து ஓட்டுபவன் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குப் பக்கத்தில் இருப்பதெல்லாம் அவனுக்குக் கீழேதான் இருக்கிறது.

சந்தைக்கு முன்னால் இருந்த நிறுத்தத்தில் ஒரு பெண் இறங்கி வண்டிக்கு முன்னால் குறுக்கே நடந்தாள். அவசரமே இல்லாத நடை. நடுவில் அவள் பை கிழிந்து உருளைக்கிழங்குகள் உருண்டன. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள். கண்ணாடிக்கு அடி விளிம்பில் அவள் முதுகும் சிவப்பு ஸ்வெட்டரும் பொடிசுக்குத் தெளிவாகத் தெரிந்தன. அண்ணன் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்தான். கதவை மூடினான். நேராகப் பார்த்தான். நேராக, அந்தச் சிவப்பு ஸ்வெட்டருக்கு மேலே, காலியான ரோட்டைப் பார்த்துக்கொண்டே பிரேக்கிலிருந்து காலை எடுத்தான்.

"அண்ணா!"

வண்டி குலுங்கி நின்றது. அந்தப் பெண் நிமிர்ந்து, கையில் ஒரு உருளைக்கிழங்கோடு கண்ணாடிக்குள் முறைத்தாள்.

"எங்கேருந்து முளைச்சா இவ?" என்றான் அண்ணன். அவன் குரலில் பொய் இல்லை. உண்மையான ஆச்சரியம்தான் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நாளைக்கு லீவு போடுண்ணா. காலையிலேயே ஆஸ்பத்திரிக்கு வா, டெஸ்ட் எடுத்துடலாம்."

"அடுத்த மாசம்தானே?"

"நாளைக்கு வா. வண்டிய எடுக்காம வா. அண்ணியையும் கூட்டிட்டு வா."

பின்னாலிருந்து யாரோ "ஏம்ப்பா, குடும்பக் கதைய டெப்போல வெச்சுக்கலாமே" என்றார்கள். அண்ணன் வண்டியை எடுத்தான். கடைசி நிறுத்தம்வரை பொடிசு கம்பியை விடாமல், அவனுக்குத் தெரியாத கீழ்ப்பாதி ரோட்டை அவனுக்காகப் பார்த்துக்கொண்டே போனாள். அதோடு அன்றைக்கு அவன் ஷிஃப்ட் முடிந்தது. வீட்டு வாசல்வரை கூடவே நடந்து போய், அவன் உள்ளே போன பிறகுதான் திரும்பினாள்.

*

"கண்ணு டெஸ்ட்டுக்குக் காத அடைக்கிறீங்க. பல் டெஸ்ட்டுக்கு மூக்க அடைப்பீங்களா?"

வாஸ்லின் தடவிய பஞ்சைப் பொடிசு சின்ன உருண்டைகளாக்கிக்கொண்டிருந்தாள். "புது ரூல்ண்ணா" என்றாள். முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"யார் போட்ட ரூல்?"

"நான் போட்ட ரூல். பேசாம உக்காரு."

அண்ணி வெளியே பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். உள்ளே வரச் சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். பொடிசு அண்ணனின் காதுகளை ஒவ்வொன்றாக அடைத்தாள். சின்ன வயசில் குளிக்கப் போகும்போது அவளுக்குத் தண்ணீர் புகாமல் அவன் இப்படித்தான் அடைத்துவிடுவான். விரலை அவன் காதுக்குப் பின்னால் சொடுக்கிப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை.

"ஒண்ணுமே கேக்கல பொடிசு! கிணத்துக்குள்ள இருக்குற மாதிரி இருக்கு!" என்று கத்தினான். நடைபாதை முழுக்கக் கேட்டிருக்கும்.

அவள் அவன் தோளைத் தட்டினாள். மோவாயை வைத்தான். விளக்கை அணைத்தாள்.

டிக். பட்டன் 'டக்' என்றது. டிக். டக். திரையில் ஒவ்வொரு புள்ளியாக எங்கே மின்னுகிறது என்று அவளுக்குத் தெரியும். மேலே, இடது ஓரம்: டக். மேலே, நடு: டக்.  பிறகு கீழே ஒன்று.

டிக்.

ஒன்றுமில்லை.

வலது கீழ். டிக். இடது கீழ். டிக். நடுவுக்குச் சற்றுக் கீழே. டிக். மெஷின் வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போனது. கடைசியில் டார்ச் அடிப்பதுபோல அடித்தது. அண்ணனின் கண் மஞ்சள் விளக்கை விட்டு அசையவே இல்லை. இவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்த நோயாளியை அவள் பார்த்ததில்லை. கட்டைவிரல் பட்டன்மேல் தயாராக, நம்பிக்கையோடு காத்திருந்தது. வராத எதற்கும் அது இன்று அழுத்தவில்லை. ஒரு பொறியில்கூட விழவில்லை. அவசரக்குடுக்கையே இல்லை அவன்.

இன்னொரு கண்ணிலும் அப்படியே. பாதியில் அவள் "நல்லா பண்றீங்க" என்றாள் பழக்கதோஷத்தில். அவனுக்குக் கேட்கவில்லை.

விளக்கைப் போட்டபோது அவன் சிரித்துக்கொண்டே பஞ்சைப் பிடுங்கினான். "இந்தத் தடவ ரொம்பக் கொஞ்சமாத்தான் மின்னுச்சு. மெஷினுக்கும் வயசாயிருச்சா?"

 திரையை அவன் பக்கம் திருப்பினாள். அவன் தலையைக் கொஞ்சம் குனிந்து பார்த்தான். அப்படித்தான் பார்ப்பான் இப்போதெல்லாம்; ஏன் என்று அவள் கேட்டதில்லை. இரண்டு வட்டங்கள். இரண்டிலும் மேல்பாதி வெளுப்பு. கீழ்ப்பாதியில் மை கொட்டியதுபோல ஒரு கறுப்பு, பிறைநிலா கவிழ்ந்ததுபோல.

"யாரோடது இது?"

"உன்னோடதுதாண்ணா."

"போன வருஷம் சுத்தமா இருந்துச்சே."

"போன வருஷம் காதால பாத்த."

சொன்னாள், எல்லாவற்றையும். மூடியின் சத்தம், பாட்டு டீச்சர், கண்ணை மூடிக்கொண்டு தான் எடுத்த பரிசோதனை. தான் டாக்டரம்மாவிடம் சிரித்ததையும் சொன்னாள். அவன் கை அப்படியே கிடந்தது; உள்ளங்கையில் இரண்டு பஞ்சு உருண்டைகள்.

"நான் ஏமாத்தல பொடிசு. மின்னுற மாதிரிதான் இருந்துச்சு எனக்கு. சத்தியமா."

"தெரியும்ண்ணா."

"அப்ப அந்தக் குழந்தை வண்டிப் பொண்ணு..."

"முளைக்கல. நடந்துதான் வந்திருப்பா. எல்லாரையும்போல."

அவன் திரும்பிக் கிண்ணத்தைப் பார்த்தான். வெளியே அண்ணி யாருக்கோ "ஆமாங்க, எங்க வீட்டுக்காரர்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சொட்டு மருந்து இருக்குண்ணா. போனது திரும்ப வராது. மிச்சம் இருக்குறதக் காப்பாத்திடலாம். ஆனா வண்டி..."

"மருந்து போட்டுக்கறேன்." சட்டென்று சொன்னான். "எத்தன வேளை சொன்னாலும் போட்டுக்கறேன். இனிமே குனிஞ்சு பாத்து ஓட்டுறேன். தெரியாதப்பவே ஒரு கீறல் இல்லாம ஓட்டுனவன், தெரிஞ்சு ஓட்ட மாட்டேனா? எனக்கு வேற என்ன தெரியும்னு நீயே சொல்லு. டெப்போல போய் ஓரமா உக்காந்து, அடுத்தவன் ஓட்டுற வண்டிய முனகுதா இருமுதான்னு கேட்டுட்டு இருக்கவா?"

"அண்ணா, அந்தச் சக்கரத்துக்கு யாராவது எண்ணெய் போட்டிருந்தா?"

  பக்கத்து அறையிலிருந்து டாக்டரம்மாவின் குரல் வந்தது: "முடிஞ்சுதாம்மா? அனுப்பலாமா?" அந்தக் குரலுக்கு முன்பே, டாக்டரம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளிய சத்தத்துக்கே அண்ணனின் தலை திரும்பிவிட்டதைப் பொடிசு பார்த்தாள்.

அவன் பஞ்சு உருண்டைகளை அவள் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களைத் தானே மடக்கிவிட்டான். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். யாரும் சொல்லாமலே மோவாயைத் தாங்கியில் பொருத்தி, பட்டனைக் கையில் எடுத்து, அந்த வெள்ளைக் கிண்ணத்துக்குள் பார்த்தான். ஒரு கண்ணைத் தானே உள்ளங்கையால் மூடிக்கொண்டான்.

"பஞ்சு இல்லாம ஒரு தடவ போடு, பொடிசு" என்றான். "அதையே டாக்டரம்மாகிட்ட குடு. இந்த ஒரு தடவ மட்டும்."